அழுக்கு போகட்டும், உலோகம் இருக்கட்டும்: கல்லடியில் இருந்து ஒரு லேசர் துப்புரவுக் குறிப்பு

மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இடையில் கிடக்கும் எந்த உலோகத்திலும் உப்பு ஏறும். லேசர் துப்புரவு மெசின் இந்தப் பக்கம் வந்ததும் எல்லோருக்கும் அதில் ஆசை பிடித்ததற்கு அதுதான் காரணம். வாழைச்சேனையில் இருந்து வள்ளத்து எஞ்சின் வருகிறது, சம்மாந்துறையில் இருந்து அரிசி ஆலைப் பாகங்கள் வருகின்றன. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: “மெசின் வாங்கியாச்சு அண்ணன், என்ன நம்பர் போடுறது?”

நான் இந்த வேலையைப் பழகியது சிங்கப்பூர் செலேத்தாரில், விமான எஞ்சின் பாகங்களைப் பழுதுபார்க்கும் ஒரு தொழிற்சாலையில். அங்கே கறள் எடுப்பதற்காக லேசரை யாரும் வாங்குவதில்லை. பசை ஒட்டும் முன், வெல்டிங் செய்யும் முன், பெயின்ற் பூசும் முன் உலோகத்தின் முகத்தைத் தயார்படுத்தவே அது இருக்கிறது. அழுக்கு போய்விட்டதா என்று பார்ப்பது வேலையின் சிறு பங்கு. அடியில் இருந்த உலோகம் முன்பு இருந்தபடியே இருக்கிறதா என்று பார்ப்பதே பெரும் பங்கு. வெளிநாட்டு விமானத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போக நினைக்கும் நம் பெடியளுக்காகவும், இங்கேயே பட்டறை வைத்திருப்பவர்களுக்காகவும் அந்த ஒழுங்கை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பறக்கப் போகும் பாகத்தில், அதைச் செய்த நிறுவனம் எழுத்தில் அனுமதித்த முறையும் எண்களும் இல்லாமல் யாரும் லேசர் அடிக்கக் கூடாது. கீழே நான் தரும் எண்கள் கணக்கு விளங்குவதற்கும் கழிவுத் தகட்டில் பழகுவதற்கும் மட்டுமே.

ஒளி எப்படி அழுக்கைத் தெரிந்தெடுக்கிறது

லேசர் நிறமாலை ஆய்வுக்காக 1981இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் ஷாலோ, 1960களில் ஒரு லேசர் அழிப்பானைச் செய்து காட்டினார். தட்டச்சு எழுத்தின் மேல் ஒளித் துடிப்பை விட்டால் மை ஆவியாகிப் போகும், கடதாசி அப்படியே இருக்கும். கறுத்த மை ஒளியை விழுங்குகிறது, வெள்ளைக் கடதாசி திருப்பி அனுப்புகிறது. லேசர் துப்புரவின் முழு அடிப்படையும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு சதுர சென்ரிமீற்றரில் இத்தனை யூல் சக்தி ஒரே துடிப்பில் விழுந்தால்தான் அது பெயர்ந்து போகும். எண்ணெய்க்கும் பெயின்றுக்கும் கறளுக்கும் அந்த எல்லை தாழ்வானது, உலோகத்துக்கு உயர்வானது. இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் நாங்கள் வேலை செய்கிறோம். அழுக்கின் எல்லையைத் தாண்ட வேண்டும், உலோகத்தின் எல்லையைத் தொடக் கூடாது. இடைவெளி அகலமாக இருந்தால் வேலை சுகம். ஒடுங்கி இருந்தால் அந்த வேலைக்கு லேசரை எடுக்காதீர்கள்.

சந்தையில் இரண்டு வகை மெசின் கிடைக்கிறது. 1500, 2000 வாற்று என்று பெரிய எண் போட்டு, வெல்டிங், வெட்டு, துப்புரவு மூன்றும் செய்யும் என்று விற்பது தொடர்ச்சியாக ஒளி விடும் வகை. தடித்த இரும்பில் கறள் எடுக்க அது போதும். ஆனால் அது உலோகத்தைச் சூடாக்கித்தான் வேலை செய்கிறது. மற்றது துடிப்பு வகை. 100, 200, 300 வாற்று என்று சின்ன எண்தான் போட்டிருக்கும், விலை கூட. 100 வாற்று மெசின் ஒரு செக்கனில் ஒரு இலட்சம் துடிப்பு விட்டால் ஒரு துடிப்புக்கு 1 மில்லியூல். அது 100 நனோசெக்கனுக்குள் முடிந்துவிடுவதால் அந்தக் கணத்தில் அதன் வலு 10,000 வாற்று. வெப்பம் உள்ளே இறங்க நேரம் கிடைக்கும் முன்பே மேலே இருக்கும் படலம் போய்விடும். விமான உலோகங்களுக்கு இந்த வகைதான். மெல்லிய தகடும் அலுமினியமும் உங்களிடம் அதிகம் வருமானால், பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இனி எல்லோரும் தவறவிடும் கணக்கு. அதே 1 மில்லியூல், 0.1 மில்லிமீற்றர் விட்டமுள்ள புள்ளியில் விழுந்தால் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 12.7 யூல். கையைச் சற்றுப் பின்னே எடுத்துப் புள்ளியின் விட்டம் 0.2 மில்லிமீற்றர் ஆனால் 3.2 யூல்தான். விட்டம் இரண்டு மடங்கானால் தாக்கம் நாலில் ஒன்றாகிவிடும். திரையில் எந்த எண்ணையும் தொடாமலே, மணிக்கட்டின் அசைவில் இது நடந்துவிடுகிறது. என்ன நம்பர் என்று கேட்பவரிடம் நான் முதலில் தூரத்தைக் கேட்பது இதற்காகத்தான். ஒளி வெளியே வரும் கைப்பிடியைத் துப்பாக்கி என்போம். அதன் நுனியில் தூரம் பிடிக்கும் கால் ஒன்று பூட்டி வேலை செய்யுங்கள். விமானத் தொழிற்சாலைகளில் துப்பாக்கியை ரோபோவின் கையில் கொடுப்பதற்கும் இது ஒரு காரணம். அமெரிக்க விமானப் படையின் ஹில் தளத்தில் எஃப்-16 விமானங்களின் பெயின்றை லேசரால் உரிக்கும் ரோபோ முறையைக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய உடம்பில் எந்த மனிதக் கையாலும் ஒரே தூரத்தைக் காக்க முடியாது.

இன்னொன்று, துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு ஏறி விழுகின்றன என்பது. ஒரு இலட்சம் துடிப்பு, 0.1 மில்லிமீற்றர் புள்ளி, அந்தப் புள்ளி உலோகத்தின் மேல் ஓடும் வேகம் செக்கனுக்கு 5000 மில்லிமீற்றர் என்றால், ஒவ்வொரு புள்ளியும் முன்னதன் பாதியில் ஏறி விழும். வேகத்தைக் குறைத்தால் ஒரே இடத்தில் துடிப்புகள் குவியும், வெப்பம் சேரும். அழுக்கு போகவில்லையென்றால் வேகத்தைக் குறைக்காமல் இன்னொரு முறை ஓடுங்கள். நடுவில் ஆற விடுங்கள்.

முதலில் உலோகத்தை அறியுங்கள்

மெசினைப் போடுமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். அடியில் என்ன உலோகம்? மேலே இருப்பது உண்மையில் அழுக்குத்தானா?

இரண்டாவது கேள்வி அவசியமானது. விமானப் பாகங்களில் அழுக்குப் போலத் தெரியும் பல படலங்கள் வேண்டுமென்றே போட்டவை. அலுமினியத்தின் மேலே அனடைஸ் செய்த, அதாவது மின்சாரத்தால் வளர்த்த ஒட்சைட்டு, குரோமியம் சேர்ந்த மஞ்சள் நிறக் குரோமேற்றுப் படலம், சில தகடுகளில் கறள் பிடிக்காமல் காக்கும் மெல்லிய தூய அலுமினியத் தோல். அல்கிளாட் என்று சொல்லப்படும் அந்தத் தகட்டில் தோல் ஒவ்வொரு பக்கத்திலும் மொத்தத் தடிப்பில் ஒரு சில சதவீதம்தான். அதை உரித்துவிட்டால் உள்ளே இருக்கும், 2024 என்று எண் போட்ட அலுமினியக் கலப்புலோகம் உப்புக் காற்றுக்குத் தன்னந்தனியாகத் திறந்து கிடக்கும். மேலே மினுங்கும், வேலை சுத்தமாகச் செய்ததாகத் தோன்றும், ஆயுள் போயிருக்கும்.

உலோகத்துக்கு வருவோம். இந்த மெசின்கள் விடும் 1064 நனோமீற்றர் அலைநீள ஒளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தூய அலுமினியம் திருப்பி அனுப்பிவிடும். எடுத்த வெப்பத்தையும் விரைவாகப் பரப்பிவிடும். டைட்டேனியம் அப்படியல்ல. ஒளியைக் கூடுதலாக விழுங்கும், விழுங்கிய வெப்பத்தை வைத்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் விசிறி இதழ்களிலும் வேறு பல பாகங்களிலும் பாவிக்கும் டைட்டேனியம் 6-4 என்ற கலப்புலோகம், விமான அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் பதினைந்தில் ஒரு பங்கைக்கூடக் கடத்தாது. அலுமினியத்தில் நல்லபடியாக ஓடிய எண் டைட்டேனியத்தில் நீலம் பூக்க வைப்பது இதனால்தான்.

அந்த நீலத்தை அழகு என்று எண்ணிவிடாதீர்கள். டைட்டேனியம் சூடாகிக் காற்றில் உள்ள ஒட்சிசனை எடுக்கும்போது முதலில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, நீலம், கடைசியில் சாம்பல் வெள்ளை என்று மாறும். வெப்பம் கூடிக்கொண்டே போனால் ஒட்சிசன் உலோகத்துக்குள் இறங்கி, அல்பாக் கேஸ் என்று தொழிலில் சொல்லும் கடினமான, நொறுங்கும் தோலை உண்டாக்கும். விசிறி இதழ் போலத் திரும்பத் திரும்ப வளையும் பாகத்தில் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். வெள்ளி நிறம் மாறாமல் முடிய வேண்டும். ஆகன் வாயுவை ஊதிக்கொண்டு செய்வது அதற்குத்தான். வைக்கோல் நிறம் தெரிந்தால் நிறுத்திவிட்டு, வேலை ஏடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். நீலம் தெரிந்தால் பாகத்தை ஒதுக்கி வைத்து மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். எமரித்தாளால் தேய்த்து நிறத்தை மறைப்பது ஒருவருடைய உயிரோடு விளையாடுவது.

7075 என்று எண் போட்ட அலுமினியக் கலப்புலோகத்துக்கு வேறொரு கவலை. அதன் வலுவே 120 பாகை செல்சியஸ் அளவில் மணிக்கணக்காக வைத்துப் பதப்படுத்தி வந்தது. அதற்கு மேல் சூடானால் உருகாமலே வலு இறங்கும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. மெல்லிய தகட்டின் பின்புறத்தில் ஒரு வெப்பமானியை ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள்.

லேசரே படக் கூடாத பொருட்களும் உண்டு. பழைய இரும்பு ஆணிகளிலும் தரையிறங்கு சக்கரக் கால்களிலும் இருக்கும் கட்மியப் பூச்சு ஆவியானால் நஞ்சு. பெரிலியம் கலந்த செப்பும் அப்படியே. மக்னீசியப் பெட்டிகளின் தூசு தீப்பிடிக்கும். இவற்றில் எதுவும் இருக்கிறதா என்று தெரியாத பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வருமானம் போனாலும் பரவாயில்லை.

கண், மூச்சு, தீ

1064 நனோமீற்றர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண் அதை உள்ளே விட்டு, விழித்திரையில் ஒரே புள்ளியாகக் குவித்துவிடும். விழித்திரையில் வலி இல்லை. எரிந்த பிறகுதான் பார்வையில் ஒரு கறுப்புப் பொட்டு தெரியும், அது மாறாது. இந்த மெசின்கள் எல்லாம் நாலாம் வகுப்பு, அதாவது ஆக ஆபத்தான வகுப்பு லேசர்கள். மினுங்கும் அலுமினியத்தில் பட்டுத் தெறித்த ஒளியும் ஆபத்தே. வெல்டிங் கண்ணாடி போதாது. கண்ணாடியிலேயே 1064 என்ற அலைநீளமும், ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஓ.டி. எண் 6 அல்லது அதற்கு மேல் என்றும் அச்சடித்திருக்க வேண்டும். மெசினோடு இலவசமாக வரும் பச்சைக் கண்ணாடியில் அந்த எழுத்துகள் இல்லையென்றால் போட வேண்டாம், நல்லதாக ஒன்று வாங்குங்கள்.

நம் பட்டறைகள் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கின்றன. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஆதலால் நாலு பக்கமும் உலோகத் தகட்டால் அடைத்த தனி அறை வேண்டும், கதவு திறந்தால் ஒளி நிற்கும் சுவிட்ச் வேண்டும். தறப்பாள் கட்டி மறைப்பது மறைப்பு ஆகாது. அந்த அறை கட்டக் காசு சேரும்வரை மெசினை வாங்காதீர்கள்.

புகையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அழுக்கு மறைவதில்லை, மிக நுண்ணிய தூளாகி உங்கள் நெஞ்சுக்குள் போகிறது. விமானங்களின் பழைய அடிப்பூச்சுகளில் குரோமேற்று இருக்கிறது, அதில் இருக்கும் ஆறு வலுவளவுக் குரோமியம் புற்றுநோய் தரும். பழைய வள்ளத்துப் பெயின்றில் ஈயம் இருக்கலாம். சாதாரண விசிறியை வைத்து ஊதினால் அதை அறை முழுக்கப் பரப்புகிறீர்கள். ஒளி விழும் இடத்தில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் உறிஞ்சு குழாயை வைத்து, நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள இயந்திரத்தால் இழுக்க வேண்டும். முகத்துக்குத் துணி மாஸ்க் உதவாது, வடிகட்டி பூட்டும் ரப்பர் மாஸ்க்தான் சரி. டைட்டேனியத் தூசும் அலுமினியத் தூசும் தீப்பிடிக்கும் என்பதால், இரும்புக் கறளை உறிஞ்சிய பெட்டியிலேயே அவற்றைச் சேர்க்காதீர்கள்.

வேலை

முதலில் கழுவுதல். கிறீசும் உப்பும் அப்பியிருக்கும் பாகத்தில் நேரே லேசர் அடித்தால் கிறீஸ் கரியாகித் திரும்ப ஒட்டும், உப்பு குழிகளுக்குள் மிஞ்சும். சவர்க்கார நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, கடைசியாக வடித்த நீரால் ஊற்றுங்கள். கடலோரக் கிணற்று நீரால் முடித்தால் எடுத்த உப்பையே திரும்பப் பூசுகிறீர்கள். டைட்டேனியத்துக்குக் குளோரின் கலந்த கரைப்பான் எதுவும் வேண்டாம். குளோரைட்டு மிஞ்சியிருக்க, பாகம் சூடானால் வெடிப்பு வரலாம்.

அடுத்தது பரீட்சைத் தகடு. பாகத்தின் அதே உலோகம், அதே தடிப்பு, அதே பூச்சு. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். தகட்டில் பென்சிலால் சதுரங்கள் கீறுங்கள். ஒரு பக்கமாகப் போகப் போக வலுவைக் கூட்டுங்கள், மறுபக்கமாகப் போகப் போக வேகத்தைக் குறையுங்கள். ஆகக் குறைந்த தாக்கத்தில் இருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு சதுரத்தையும் பத்து மடங்கு பெருப்பிக்கும் கண்ணாடியால் பாருங்கள். ஓரிடத்தில் அழுக்கு முழுதாகப் போயிருக்கும், பழைய கடைசல் கோடுகள் இன்னும் தெரியும். அடுத்த சில சதுரங்களில் அந்தக் கோடுகள் மழுங்கி, உலோகம் உருகி உறைந்த வட்டங்கள் தெரியும். கோடுகள் தெரியும் கடைசிச் சதுரத்தை எடுக்காமல், அதற்கு இரண்டு படி கீழே இருப்பதை எடுங்கள். கை நடுங்கும், தூரம் மாறும், மின் அழுத்தம் ஏறி இறங்கும். அதற்கெல்லாம் அந்த இரண்டு படிதான் காப்பு. வலு, துடிப்பு நீளம், துடிப்பு எண்ணிக்கை, வேகம், தூரம், எத்தனை ஓட்டம் என்று எல்லாவற்றையும் தகட்டின் பின்புறத்திலேயே எழுதி வையுங்கள்.

ஏறாவூரில் இருந்து வந்த பெரியவர் ஒருவர், நான் அவருடைய பம்பு மூடிக்கு முன்னால் இப்படித் தகடு போட்டுப் பார்ப்பதைக் கண்டு, “என்னகா தம்பி, சாமான் இஞ்ச கிடக்கு, நீ வேறெதையோ சுடுறாய்” என்றார். சதுரங்களைக் கண்ணாடி வழியே அவரிடம் காட்டினேன். உருகிய இடத்தைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டார். பிறகு அவசரப்படுத்தவே இல்லை. வாடிக்கையாளருக்கும் காட்டுங்கள், விளங்கிக்கொள்வார்கள்.

பாகத்தில் கை வைக்கும்போது துப்பாக்கியை நேர் செங்குத்தாகப் பிடிக்காமல் பத்துப் பதினைந்து பாகை சரித்துப் பிடியுங்கள், தெறிக்கும் ஒளி வில்லைக்குள் திரும்பாது. ஓட்டங்கள் ஒன்றின் ஓரத்தில் மற்றது சற்று ஏறட்டும். அடுத்த ஓட்டத்தைக் குறுக்காக ஓடுங்கள். விளிம்புகளில் வெப்பம் போக இடமில்லை, அங்கே நிற்கக் கூடாது. சத்தத்தைக் கேட்கப் பழகுங்கள். அழுக்கு போகும்போது கூர்மையான சடசடப்பு வரும், போய் முடிந்ததும் அது தணியும். தணிந்த பிறகும் அங்கேயே ஓடிக்கொண்டிருப்பவர் உலோகத்தைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறார்.

நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி: குளிரூட்டிய அறையில் இருந்து துப்பாக்கியை எடுத்து வெளியே வந்தால் வில்லையின் மேல் பனி படரும். அப்படியே அடித்தால் வில்லை வெடிக்கும். வெளிச் சூட்டுக்கு அது வரும்வரை பொறுங்கள். கொம்பிறசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வராமல் வடிகட்டி போடுங்கள். மின் அழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் ஸ்ரெபிலைசர் இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

முடிந்ததா என்று பார்ப்பது

வெள்ளைத் துணியால் துடைத்துக் கறுப்பு வருகிறதா என்று பாருங்கள். பிறகு தண்ணீர்ப் பரீட்சை. ஏஎஸ்டிஎம் எஃப்22 என்ற பெயரில் விமானத் தொழிற்சாலைகளில் வழங்குவது, எந்தப் பட்டறையிலும் செய்யலாம். வடித்த நீரை மேலே ஓடவிட்டு நிமிர்த்திப் பிடியுங்கள். நீர் உடையாமல் ஒரே படலமாக நின்றால் எண்ணெய் இல்லை. முத்து முத்தாகப் பிரிந்தால் இருக்கிறது. ஆனால் இந்தப் பரீட்சை உப்பைக் காட்டாது. உப்பு இருந்தாலும் நீர் அழகாகப் பரவும். உப்புக்குத் தனியாகக் குளோரைட்டுப் பரிசோதனை வேண்டும்.

வெடிப்புத் தேடும் சாயப் பரிசோதனை அடுத்து இருக்கிறதென்றால் கூடுதல் கவனம் வேண்டும். மணல் அடித்தால் உலோகம் மடங்கி வெடிப்பின் வாயை மூடும், சாயம் உள்ளே போகாது, பாகம் நல்லது என்று எழுதிவிடுவார்கள். லேசர் மடக்காது, ஆனால் அளவு கூடினால் உருக்கி மூடும். விளைவு ஒன்றுதான். பரீட்சைத் தகட்டில் உருகிய வட்டங்களைத் தேடச் சொன்னது இதை மனதில் வைத்துத்தான்.

சுத்தமான உலோகம் காற்றில் இருக்கும் எதையும் உடனே பற்றிக்கொள்ளும். வெறும் விரலால் தொட வேண்டாம், தூள் பூசாத கையுறை போடுங்கள். விமானத் தொழிற்சாலையில் துப்புரவுக்கும் பசைக்கும் அல்லது அடிப்பூச்சுக்கும் இடையே இத்தனை மணி நேரம் என்று ஏட்டில் இருக்கும், தாண்டினால் திரும்பச் செய்ய வேண்டும். இங்கே மாரி காலத்துக் காற்றில் இரும்பு உங்கள் கண் முன்னாலேயே செம்மண் நிறம் ஆகத் தொடங்கும். கார்த்திகை, மார்கழியில் அடிப்பூச்சைக் கலந்து பக்கத்தில் வைத்துவிட்டு லேசரைத் தொடங்குங்கள், அன்று பூச முடிந்த அளவை மட்டும் சுத்தம் செய்யுங்கள்.

கடைசியில் வடிகட்டி. குரோமேற்றும் ஈயமும் பிடித்த வடிகட்டியை குப்பை எடுக்கும் மாநகரசபை உழவு இயந்திரத்தில் ஏற்றக் கூடாது, வாவிக் கரையில் எரிக்கவும் கூடாது. ஈரத் துணியால் மூடி மெதுவாகக் கழற்றி, தடித்த பொலித்தீன் இரண்டுக்குள் போட்டுக் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டி, மூடியுள்ள இரும்பு வாளியில் பூட்டி வையுங்கள். ஆபத்தான கழிவை எடுக்க அனுமதி பெற்றவர் வரும்போது அதை அப்படியே ஒப்படையுங்கள்.